தங்கராஜு வேனின் நாலாவது பெல்ட்

ஜொகூர் மாநிலத்து ரெங்கம் என்ற சிற்றூரின் கோயில் மைக்கில் இருபத்திரண்டு வருடமாகக் கேட்பது தங்கராஜுவின் குரல்தான். அன்னதானம் தயார் என்று கூப்பிடுவதும் அவர்தான், வழியை மறித்து நிறுத்திவிட்டுப் போன காரின் எண்ணை வாசித்து மானத்தை வாங்குவதும் அவர்தான். செயலாளர் பதவிக்கு அவரை எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அந்த மைக்கை அவர் கையிலிருந்து வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆள் கெட்டவர் இல்லை. பக்கத்து நகரமான குளுவாங்கில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. அடுத்தவன் தாமதமாக வந்தால் சும்மா விட்டதுமில்லை. தான் செய்வது தப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு வாழ்க்கையில் வந்ததே கிடையாது. அது வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்த வயதில் வந்தால் தாங்குவது கஷ்டம்.

எல்லாம் வேனில் ஆரம்பித்தது. ஏழு பேர் உட்காரும் பழைய வேன். வீட்டில் அவரும் மனைவி தனலெட்சுமியும் மகள் லோஷினியும் மூன்றே பேர் என்றாலும், தங்கராஜுவுக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். போன வருடக் கடைசியில் ஒரு காலை வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினுக்குள்ளிருந்து கீச்சென்று ஓர் அலறல். தாமான் குடியிருப்பில் நாலு வீட்டு நாய்கள் பதில் குரைத்தன. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அதே அலறல். பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களின் வண்டியை மைக்கில் திட்டுகிற மனிதருக்கு அது பெரிய தலைகுனிவு.

எஞ்சின் சுற்றும்போது கூடவே மின்சாரம் எடுக்கிற கருவியையும், தண்ணீர் பம்ப்பையும், ஸ்டீயரிங் பம்ப்பையும் சுற்றவைக்கிற கறுப்பு ரப்பர் பெல்ட்தான் அப்படி அலறியது. வயதாகிக் காய்ந்து போயிருந்தது, அவ்வளவுதான். கழற்றிவிட்டு வேறு போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தங்கராஜு பெல்ட்காரர் மகன். அவருடைய அப்பா சபாபதி தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் எஞ்சின் ஓட்டியவர். அங்கே இருந்தது கையகல மாட்டுத்தோல் பெல்ட். சனிக்கிழமை மிஷின் நின்றதும் தேங்காய் நாரில் விளக்கெண்ணெயைத் தோய்த்து அந்தத் தோலில் தேய்ப்பார் சபாபதி. அப்படித் தேய்த்த பெல்ட் பதினோரு வருடம் ஓடியதாக அவர் சொல்லாத கல்யாண வீடும் இல்லை, சாவு வீடும் இல்லை.

தனலெட்சுமி தலைக்குத் தேய்க்க வாங்கி வைத்திருந்த விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு தங்கராஜு வேனின் எஞ்சின் மூடியைத் திறந்தார். எட்டிய இடத்தில் தேய்த்தார். வண்டியை ஒரு நொடி கிளப்பி நிறுத்தி, பெல்ட் நகர்ந்ததும் மிச்சத்தைத் தேய்த்தார். பிறகு கிளப்பினால், சத்தமே இல்லை. எண்ணெய் வைத்தால் எந்தக் கீச்சும் கொஞ்ச நேரம் அடங்கத்தான் செய்யும். அவருக்கோ அப்பாவே பக்கத்தில் நின்று தலையாட்டியது போல் இருந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "இதுக்குப் போயி வெர்க்‌ஷாப்புக்கு ஓடுவானுங்க."

மூன்றே வாரத்தில் அந்தப் பழைய பெல்ட் நார் நாராகப் போனது. வயசான பெல்ட்தானே என்று தங்கராஜு அதைப் பெரிதுபடுத்தவில்லை. கனகராஜிடம் கொண்டுபோனார்.

கனகராஜுக்கு முப்பத்தாறு வயது. சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் எட்டு வருடம் வேலை செய்துவிட்டு, இனிப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழலாம் என்று ரெங்கத்துக்குத் திரும்பி, கடை வரிசையின் கோடியில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகப் பட்டறை திறந்தவர். ஒற்றை ஆள். பேச்சு குறைவு, கை சுத்தம். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வரத் தொடங்கியிருந்தார்கள். தங்கராஜுதான் கோயில் மைக்கில் அவருடைய கடைத் திறப்பை அறிவித்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புதுப் பெல்ட் போட்டாயிற்று. இது நன்றாக உழைக்க வேண்டுமே என்று தங்கராஜு சனிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் அதன் வரிகள் உரிந்து தொங்கின. மறுபடியும் கனகராஜ். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், விரலைத் தேய்த்து முகர்ந்துகொண்டே கேட்டார்.

"அண்ணே, பெல்ட்டு பிசுபிசுன்னு இருக்கு. எண்ணெ எதாச்சும் பட்டுச்சா? நீங்க எதுவும் தடவுனீங்களா?"

சட்டென்று வந்தது பதில். "நான் எதுக்குய்யா தடவுறேன்? ஒண்ணும் படல."

அது பச்சைப் பொய். ஆனால் சொல்லும்போது தங்கராஜுவுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. இந்தப் பையன் தன் வேலையில் இருக்கிற குறையை மறைக்க நம் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. அதோடு, தன் அப்பாவின் கைப்பக்குவத்தை ஒரு சின்னப் பையனிடம் விளக்கிச் சொல்லி, அவன் சிரித்துவிட்டால்?

கனகராஜ் தலையாட்டினார். "அப்ப எஞ்சின் எண்ணெதான் எங்கயோ கசியுது. பாத்துட்றேன்ணே."

இரண்டு நாள். எஞ்சினின் முன்பக்கத்தைக் கழற்றி, மண்ணில் மல்லாந்து படுத்து, இல்லாத கசிவைத் தேடினார் கனகராஜ். நல்லதாகவே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் மாற்றி, இன்னொரு புதுப் பெல்ட் போட்டார். தான் போட்ட பெல்ட் இரண்டு மாதத்தில் போய்விட்டதே என்ற கூச்சத்தில் கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார். தங்கராஜு அவர் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். தட்டிக் கொடுத்தார்! அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.

வந்த பிறகாவது நிறுத்தினாரா? இல்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தார். தேய்த்து முடித்ததும் பெல்ட்டின் வெளிப்பக்கத்தையும் சுற்றியிருந்த இரும்பையும் பழைய துணியால் துடைத்துவிட ஆரம்பித்தார். சுத்தமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாருக்காகத் துடைத்தார் என்பது அவருடைய கைக்குத் தெரியும்.

ஜூன் மாதம் லோஷினிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஜொகூர் பாருவில். பத்தரை மணிக்கு நல்ல நேரம். எட்டு மணிக்கெல்லாம் உறவினர்களோடு வேனில் ஏழு பேரும், மடிக்கு ஒன்றாகத் தட்டுகளும். பட்டுப்புடவை, பூ, பழம், பலகாரம். நெடுஞ்சாலையில் ஏறிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. மூடிக்குள் சடாரென்று ஓர் அடி. முன்பலகையில் சிவப்பு விளக்கு. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் மல்லுக்கட்டி வண்டியை ஓரம் கட்டுவதற்குள் சூட்டு முள் உச்சிக்கு ஏறியிருந்தது.

பெல்ட் அறுந்து எஞ்சினுக்குள் செத்த பாம்பாகக் கிடந்தது.

லோரிகள் போகிற வேகத்தில் புடவைகள் பறந்தன. லோஷினி அலங்காரம் கலையாமல் இருக்க முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. கடைசியில் பெரியவர்களும் தட்டுகளும் ஒரு வாடகைக் காரில் போக, இடமில்லாமல் தங்கராஜுவும் நிச்சயம் ஆக வேண்டிய பெண்ணும் வேனை இழுக்க வந்த லோரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். நல்ல நேரம் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நிச்சயம் நடக்கும் மண்டபத்து வாசலில் லோரி நின்றதும் மாப்பிள்ளையின் மாமா, "பொண்ணு லோரில வந்து எறங்குது, சீர் எதாச்சும் பின்னால கட்டி இழுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்லிக் காட்டவில்லை. நிச்சயமும் நல்லபடியாக நடந்தது.

ஆனால் அதற்கு முன்பே, நெடுஞ்சாலை ஓரத்தில் லோரிக்குக் காத்திருந்த நேரத்தில், தங்கராஜு தன் வேலையைக் காட்டிவிட்டிருந்தார். கோயிலின் கைபேசிப் புலனக் குழுவில் இருநூறு பேருக்கு மேல். அதில் தன் மைக் குரலில் ஒரு குரல்பதிவு.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம கனகராஜ் வெர்க்‌ஷாப்புல போடறதெல்லாம் டூப்ளிகேட் சாமான். ஒரிஜினல்னு சொல்லி ஏமாத்துறாரு. இன்னைக்கி என் புள்ளை நிச்சயத்தன்னைக்கே நடுரோட்டுல நிக்கிறோம். அஞ்சு மாசத்துல ரெண்டு பெல்ட்டு. நம்ம பையனாச்சேன்னு நம்பிப் போனேன், நீங்களாச்சும் ஜாக்கிரதயா இருங்க."

மாலைக்குள் அது பக்கத்து ஊரான லாயாங் லாயாங் வரை போய்விட்டது. இரவு, கனகராஜ் குழுவிலிருந்து விலகினார் என்ற ஒற்றை வரி மட்டும் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று நாலு பேர் எழுதினார்கள். தங்கராஜு அதற்குக் கைகூப்பும் படம் ஒன்று போட்டார்.

அடுத்த பெல்ட்டைக் குளுவாங்கில் ஆ ஹொக் என்ற சீனரின் பட்டறையில் போட்டார்கள். கழற்றி எறிந்தவற்றையும் சேர்த்து வேனுக்கு இது நாலாவது. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று தங்கராஜு வாரம் இரண்டு முறை எண்ணெய் தேய்த்தார். ஆறே வாரம். ஒரு காலை தனலெட்சுமியைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகும் வழியில் மறுபடியும் டப்டப்பென்று அடி. நல்ல வேளை, ஆ ஹொக்கின் பட்டறை எட்டிய தூரத்தில் இருந்தது.

ஆ ஹொக் பெல்ட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"அங்கிள், சியாப்பா தாரோ மிஞ்ஞாக்?"

எண்ணெய் வைத்தது யார் என்று மலாயில் கேள்வி. தங்கராஜு வாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் 'யாரும் வைக்கவில்லை' என்றுதான் வந்திருக்கும். அதற்குள் பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனலெட்சுமி, வீங்கின வாயோடு சொன்னாள்.

"லாக்கி சாயா."

என் வீட்டுக்காரர்தான் என்று அவள் காட்டிய விரலைப் பார்த்து ஆ ஹொக் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உள்ளே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, பெல்ட்டைக் காட்டி, அங்கிளையும் காட்டினார். பிறகு நல்ல மனதோடு விளக்கமும் சொன்னார். எண்ணெய் பட்டால் ரப்பர் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடேறும். சாலைப் புழுதியும் மணலும் எண்ணெயில் ஒட்டி வரிகளை அரத்தால் ராவுகிற மாதிரி ராவிவிடும். எந்தப் பெல்ட் போட்டாலும் இதே கதிதான், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். "மிஞ்ஞாக்கும் கெத்தாவும் காவான் இல்ல, அங்கிள்." அந்த அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரியும்.

எண்ணெயும் ரப்பரும் கூட்டாளிகள் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியிருந்தது. அப்பா தேய்த்தது தோலில். இது தோல் இல்லை. இவ்வளவு சின்ன விஷயம்.

ஆ ஹொக் ஐந்தாவதாக ஒரு புதுப் பெல்ட் போட்டுத் தர, வீடு திரும்பினார்கள். ரெங்கத்துக்குள் நுழையும்போது தனலெட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ள ரெண்டு நாளு மண்ணுல படுத்துக் கெடந்துச்சுங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கராஜு கத்தியாவது இருப்பார்.

எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். அந்தப் பெல்ட்டுக்குப் பிறகு ஒன்றுமே ஆகவில்லை. வாரம் ஒன்று, இரண்டு, ஐந்து. ஒவ்வொரு காலையும் வண்டி சத்தமில்லாமல் கிளம்பும்போது தங்கராஜு காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் கீச்சுக்குக் காத்திருந்தார். முன்பெல்லாம் பெல்ட் அறுந்தால் அவமானம். இப்போது அறுந்து தொலைந்தால் தேவலை என்றிருந்தது. அறுந்தால் ஆ ஹொக் சொன்னது தப்பாகும், கனகராஜ் ஏமாற்றுக்காரன் ஆவான், தான் பழைய தங்கராஜு ஆகிவிடலாம். அது அறுகிற வழியாக இல்லை. கடைத்தெருவுக்குப் போக அவர் பின்சாலையைப் பிடித்தார். பட்டறைப் பக்கம் முகத்தைக் காட்ட முடியவில்லை. உண்மை தெரிந்தது குளுவாங் சீனருக்கும் தன் மனைவிக்கும் மட்டும்தான். அவர்கள் இருவரும் ரெங்கத்தில் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில் நாட்களை ஓட்டினார். ராத்திரிச் சோறு இறங்குவது மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு புதன்கிழமை சந்தையிலிருந்து வந்த தனலெட்சுமி பையைக் கீழே வைப்பதற்குள் சொன்னாள். "மலரப் பாத்தேன். கனகராஜ் சம்சாரம். மாசக் கடைசியோட கடைய மூடுறாங்களாம். ஆளே வர்றதில்லயாம். அந்தப் புள்ள திரும்பவும் சிங்கப்பூருக்கு வேலைக்கிப் போவுதாம், காலைல நாலு மணிக்கி மோட்டார்சைக்கிள்ல."

தங்கராஜு செய்தித்தாளை மடித்தார். விரித்தார். மறுபடியும் மடித்தார்.

"என்னங்க, நான் சொல்லணுமா?"

"வேணாம்," என்றார். "நான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அன்னதானத்துக்கு வரிசை நிற்கும் நேரத்தில் மைக்கை எடுத்தார். இரண்டு நாளாக வீட்டில் ஒத்திகை பார்த்த பேச்சு. குரல் நடுங்கவேயில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அழகாகப் பேசினார். "அன்பான பக்த கோடிகளே! கனகராஜ் தம்பி மேல நான் சொன்ன குற்றச்சாட்டு தவறு. பெல்ட்டு போனதுக்குக் காரணம் அறியாமல் நான் செய்த பிழை. அந்தத் தம்பியின் தொழில் நேர்மையானது. எல்லாரும் அவருக்கு ஆதரவு தர வேண்டும்." இப்படி இரண்டு நிமிடம். என்ன பிழை என்று விவரம் சொல்லவில்லை. விளக்கெண்ணெயைக் கோயிலில் சொன்னால் சிரிப்பார்களே! தம்பி நேருக்கு நேர் கேட்டதையும், தான் இல்லையென்று சொன்னதையும் ஒத்திகையிலேயே விட்டுவிட்டார். அது ஒரு சின்ன விஷயம், ஊருக்கு எதற்கு என்று நினைத்தார்.

கோயில் தலைவர் சிவகணேசன், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற, இலங்கைத் தமிழ் பேசும் மெல்லிய மனிதர், எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா? நம்ம செயலாளருக்கு எவ்வளவு பெரிய மனசு! ஒரு இளைஞர் பிழைக்க வேணும் எண்டு தன்ர தலையில பழியைத் தூக்கிப் போடுறார். ஆர் செய்வினம் இப்பிடி?"

கைதட்டல். தங்கராஜு பதறிப்போய், "இல்லைங்க ஐயா, உண்மையிலேயே..." என்று இழுத்தார். சிரித்துக்கொண்டே இன்னும் பலமாகத் தட்டினார்கள். வரிசையில் நின்ற ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "விடுங்கண்ணே, கள்ளப் பயலுக்குக்கூட ஒரு வாய்ப்பு குடுக்கறீங்க பாருங்க, அங்க நிக்கிறீங்க" என்றார். தங்கராஜு அன்று அன்னதானம் சாப்பிடவில்லை. செருப்பைத் தேடும் சாக்கில் குனிந்துகொண்டே வெளியே போனார். அவமானத்தில் பல வகை உண்டு, லோரியில் போய் இறங்கியது ஒரு வகை. கைதட்டு வாங்கிக்கொண்டு கூனிக் குறுகுவது அவருக்குப் புதிது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பின்சாலையில் போகாமல், நேராகப் பட்டறைக்குப் போனார். கனகராஜ் சாவிகளையும் ஸ்பேனர்களையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை.

"தம்பி..."

"நேத்து கோயில்ல நீங்க பேசுன வீடியோ வந்துருச்சுண்ணே. அஞ்சு பேரு அனுப்பிட்டாங்க."

"நான் உண்மையதான் சொன்னேன் தம்பி."

"மொத தடவ என்னைக் கள்ளனாக்குனீங்க. நேத்து பாவப்பட்ட பையனாக்கிட்டீங்க." ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். "கள்ளன்னு சொன்னப்ப ரெண்டு பேராச்சும் வந்து சண்ட போட்டாங்க. நான் பதில் சொன்னேன். பாவம்னு பாக்குறவங்ககிட்ட என்னண்ணே பதில் சொல்றது?"

"வெளக்கெண்ணெதான் தம்பி," என்றார் தங்கராஜு. "நான் அதத்தான் தடவிக்கிட்டு இருந்தேன். சனிக்கெழம சனிக்கெழம."

"தெரியும்."

"எப்படி?" என்றார் தங்கராஜு.

"அன்னைக்கே மோந்து பாத்தேன்ல? எங்க வீட்டுலயும் கொழந்தைக்கி அதான் குடுப்போம், வாசனை தெரியாதா? அதனாலதான் கேட்டேன், நீங்க தடவுனீங்களான்னு. இல்லன்னீங்க. தங்கராஜு அண்ணன் பொய் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன். என் மூக்க விட உங்கள நம்புனேன். அதுக்குத்தான் ரெண்டு நாளு எஞ்சின கழட்டுனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். தங்கராஜு பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்க வெட்கமாக இருந்தது. "நான் என்ன செஞ்சா நம்புவாங்க?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? மைக்கப் புடிச்சா நீங்க பெரிய மனுசனாயிடுறீங்க. பெரிய மனுசன் தப்பு பண்ணேன்னு சொன்னா எவன் நம்புவான்?" கனகராஜ் பெட்டியை மூடினார். "வழி விடுங்கண்ணே, அத எடுக்கணும்." அவர் காட்டியது தங்கராஜு உட்கார்ந்திருந்த டயரை.

சாலைக்கு எதிரே ஒட்டுக்கடை, தேநீரும் ரொட்டியும் போடும் சின்னக் கடை. சனிக்கிழமை காலை என்றால் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். லோரி ஓட்டுகிற ரூபேந்திரன் நடுவில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தங்கராஜு சாலையைக் கடந்து வருவதைப் பார்த்து, "வாங்க செக்ரட்டரி! நேத்து பின்னிட்டீங்க. பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தங்கராஜு உட்காரவில்லை. "வெளக்கெண்ணெ தடவுனேன்யா" என்றார்.

"என்னது?"

"பெல்ட்டுல. எங்கப்பன் மாட்டுத்தோலுல தடவுனாருன்னு நான் ரப்பர்ல தடவுனேன். என் பொஞ்சாதி தலைக்கி வெச்சிருந்த எண்ணெய."

ரூபேந்திரன் வாயிலிருந்த தே தாரிக் தேநீர் மூக்கு வழியாக வந்தது. கடையே சிரித்தது. தங்கராஜு நிறுத்தவில்லை. தேங்காய் நாரைச் சொன்னார், வண்டியைக் கிளப்பிக் கிளப்பி நிறுத்தியதைச் சொன்னார், ஆ ஹொக் ஆட்களைக் கூப்பிட்டுத் தன்னைக் காட்டியதையும், தனலெட்சுமி வீங்கின கன்னத்தோடு 'லாக்கி சாயா' என்றதையும் சொன்னார். ரொட்டி போடுகிறவர் கல்லை விட்டுவிட்டு வந்து கேட்டார். ஒருவன் மேசையை அடித்து அடித்துச் சிரித்தான். தங்கராஜுவின் முகம் காது வரை எரிந்தது. சிரிக்கட்டும் என்று நின்றார். இங்கேயே நிறுத்திக்கொண்டால்கூடப் போதும், சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள், செக்ரட்டரி ஒரு வேடிக்கையான ஆள் என்று பெயர் கிடைக்கும் என்று மனம் ஒரு கணக்குப் போட்டது.

"அந்தப் பையன் கேட்டான்" என்றார்.

இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணெ தடவுனீங்களாண்ணேன்னு கேட்டான். மூஞ்சிக்கு நேரா இல்லன்னேன். நான் சொன்னத நம்பி ரெண்டு நாளு கீழ படுத்துக் கெடந்தான், கூலி வாங்கல. அதுக்கப்பறமும் தடவுனேன். அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு தடவிட்டுத் துணிய வெச்சுத் தொடச்சேன். பெறகுதான் அவன டூப்ளிகேட்டுன்னு உங்க எல்லாருக்கும் அனுப்புனேன்."

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. ரூபேந்திரன் வாயைத் துடைத்துக்கொண்டு தங்கராஜுவைப் பார்த்தான். இருபது வருடமாக அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவன், அதுவரை பார்க்காத ஒரு பார்வை பார்த்தான். பிறகு கைபேசியையும் சாவியையும் எடுத்துக்கொண்டு எழுந்து, இழுத்துப் போட்ட நாற்காலியைத் திரும்ப மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல், சாலையைக் கடந்து கனகராஜின் பட்டறைக்குப் போனான்.

மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் பெரிய மனசு என்று சொல்லவில்லை. இந்தத் தடவை நம்பிவிட்டார்கள் என்று தங்கராஜுவுக்குத் தெரிந்தது.